கோர்டன் ஹோம்ஸ்

சர் கோர்டன் மார்கன் ஹோம்ஸ் (பிப்ரவரி 22, 1876 – டிசம்பர் 29, 1965) அயர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் ஆவார். சிறுமூளையின் செயல்பாடு, உணர்ச்சி நரம்புகள், மூளையில் பார்வை உணரப்படும் முறை ஆகிய துறைகளில் இவர் செய்த ஆய்வுகள் நரம்பியலின் அடிப்படைகளாகக் கருதப்படுகின்றன. முதலாம் உலகப் போரில் தலையில் குண்டடிபட்ட போர்வீரர்களைச் சோதித்து, கண்கள் பழுதின்றி இருந்தும் மூளைக் காயத்தால் பார்வை எவ்வாறெல்லாம் குறைபடும் என்பதை இவர் விரிவாக எழுதினார். அக்குறிப்புகள் வளர்ந்த ஆண்களைப் பற்றியவை. ஆயினும், குழந்தைகளுக்கு ஏற்படும் மூளைசார் பார்வைக் குறைபாட்டை இனங்காண்பதற்கு இன்று மருத்துவர்கள் கேட்கும் கேள்விகள் பலவற்றின் வேர் அவற்றில் உள்ளது.

இளமையும் கல்வியும்

ஹோம்ஸ் அயர்லாந்தின் லவுத் மாவட்டத்தைச் சேர்ந்த காசில்பெல்லிங்காம் என்னும் ஊரில் வளர்ந்தார். தந்தை நிலம் வைத்திருந்த உழவர். தாய் இவரது சிறு வயதிலேயே காலமானார். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் 1897-இல் இளங்கலைப் பட்டம் பெற்றுப் பின்னர் மருத்துவமும் பயின்றார். கல்லூரி அளித்த உதவித்தொகையைக் கொண்டு செருமனியின் பிராங்க்ஃபர்ட் நகருக்குச் சென்று, மூளையின் உள்ளமைப்பு ஆய்வில் அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த லுட்விக் எடிங்கர், கார்ல் வைகர்ட் ஆகியோரிடம் பயின்றார்.

அங்கே இவருக்குக் கிடைத்த பணி சற்று விந்தையானது. பிரீட்ரிக் கோல்ட்ஸ் என்னும் உடலியலாளர் ஒரு நாயின் பெருமூளையை அகற்றி, அதன் பிறகும் அதனை நெடுநாள் உயிருடன் வைத்திருந்தார். பெருமூளை இல்லாத விலங்கு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது அக்கால அறிஞர்களிடையே பெரும் விவாதப் பொருளாக இருந்தது. நாய் இறந்தபின் அதன் நரம்பு மண்டலத்தை மெல்லிய சீவல்களாக வெட்டி ஆராய்ந்து, உண்மையில் எப்பகுதிகள் அகற்றப்பட்டிருந்தன, எவை எஞ்சியிருந்தன என்று எழுதும் பொறுப்பு ஹோம்ஸிடம் வந்தது. அக்கட்டுரை 1901-இல் வெளியானது. உயிருடன் இருக்கும்போது கண்ட குறியையும் இறந்தபின் கண்ட காயத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் பழக்கம் இவரிடம் அப்போதே வேரூன்றியது எனலாம்.

குயின் ஸ்கொயர் மருத்துவமனை

இங்கிலாந்து திரும்பிய ஹோம்ஸ் இலண்டன் குயின் ஸ்கொயரில் உள்ள தேசிய நரம்பியல் மருத்துவமனையில் சேர்ந்தார். நரம்பியலின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படும் ஹக்லிங்ஸ் ஜாக்சனின் கீழ் பணியாற்றும் வாய்ப்பு இவருக்கு அங்கே கிட்டியது. 1904-இல் கிரெய்ஞ்சர் ஸ்டூவர்ட்டுடன் இணைந்து சிறுமூளைக் கட்டிகளின் அறிகுறிகளைப் பற்றி எழுதினார். அதே ஆண்டு இவர் விவரித்த ஒருவகை நடுக்கம் இன்றும் ஹோம்ஸ் நடுக்கம் என்றே அழைக்கப்படுகிறது. 1911-இல் ஹென்றி ஹெட் என்பாருடன் சேர்ந்து, மூளைக் காயங்களால் தொடுவுணர்வு மாறுபடுவது குறித்து நீண்ட ஆய்வொன்றை வெளியிட்டார். மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையிலும் இவர் பொறுப்பு வகித்தார். நரம்பியலாளர் ஒருவர் கண் மருத்துவமனையில் பணியாற்றியது இவரது பிற்கால ஆய்வுகளுக்குப் பெரிதும் உதவியது.

முதலாம் உலகப் போர்

1914-இல் போர் தொடங்கியபோது ஹோம்ஸ் படையில் சேர விரும்பினார். கிட்டப்பார்வை காரணமாக அவர் மறுக்கப்பட்டார். பார்வையைப் பற்றிய அறிவியலில் பெயர் பெறவிருந்தவர் கண் சோதனையில் தேறவில்லை என்பது ஒரு வேடிக்கை. எனினும் அவர் ஓயவில்லை. அறுவை மருத்துவர் பெர்சி சார்ஜன்டுடன் செஞ்சிலுவை மருத்துவமனை ஒன்றின் வழியாகப் பிரான்சுக்குச் சென்றார். அங்கே இவரது பணியின் மதிப்பை உணர்ந்த படைத்துறை, விரைவில் இவரைப் பிரான்சில் உள்ள பிரித்தானியப் படைக்கு நரம்பியல் ஆலோசகராக நியமித்தது. பூலோன் துறைமுக நகரில் இருந்த படை மருத்துவமனையில் இவர் பணியாற்றினார்.

பதுங்கு குழிப் போரில் தலைக் காயங்கள் மிகுதி. போரின் முதல் ஆண்டில் படைவீரர்களுக்கு எஃகுத் தலைக்கவசம் இல்லை. பின்னர் வந்த கவசமும் பிடரியை முழுதாக மறைக்கவில்லை. பார்வையை உணரும் மூளைப் பகுதியோ பிடரிப் பக்கத்தில்தான் உள்ளது. அக்காலத்துத் துப்பாக்கிக் குண்டுகளும் எறிகுண்டுச் சிதறல்களும் சிறியவை, விரைவு மிகுந்தவை. அவை மூளையின் ஒரு சிறு இடத்தை மட்டும் சிதைத்துவிட்டு, ஆளை உயிருடன் விட்டுவைப்பதும் உண்டு. காயம்பட்ட வீரர்கள் இளைஞர்கள், அதற்கு முன் நலமாக இருந்தவர்கள், கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள். முதியோரின் பக்கவாதத்தில் கிடைக்காத தெளிவு இவர்களிடம் கிடைத்தது. பெருந்துயரின் நடுவே கிடைத்த அறிவு இது என்பதை மறக்கலாகாது.

பார்வைப் புறணியின் வரைபடம்

நாம் பார்ப்பது கண்ணோடு முடிவதில்லை. விழித்திரையில் விழும் ஒளி நரம்புச் செய்தியாக மாறி, பார்வை நரம்பு வழியாகச் சென்று மூளையின் பின்புறத்தில் உள்ள பிடரி மடலை அடைகிறது. இரு கண்களிலும் இடப்பக்கக் காட்சி வலப்பக்க மூளைக்கும், வலப்பக்கக் காட்சி இடப்பக்க மூளைக்கும் செல்கின்றன. ஆகவே வலப்பக்கப் பிடரி மடல் சிதைந்தால் ஒரு கண் குருடாவதில்லை. இரு கண்களிலும் இடப்பக்கப் பாதிக் காட்சி மறைகிறது.

ஹோம்ஸ் ஒவ்வொரு வீரருக்கும் பார்வைப் புலத்தின் எப்பகுதி மறைந்துள்ளது என்று அளந்து வரைந்தார். காயத்தின் இடத்தை எக்ஸ் கதிர்ப் படத்தாலும் அறுவையின்போது கண்டவற்றாலும் கணித்தார். இரண்டையும் பொருத்தியபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. கால்கரைன் பிளவு எனப்படும் மடிப்பின் மேற்கரையில் காயம் இருந்தால் பார்வையின் கீழ்ப்பாதி மறைந்தது. கீழ்க்கரையில் இருந்தால் மேற்பாதி மறைந்தது. பிடரியின் கடைக்கோடியில் காயம் பட்டவர்களுக்கு நேராகப் பார்க்கும் மையப் பார்வை போயிற்று. முன்னோக்கிச் செல்லச் செல்ல ஓரப் பார்வை போயிற்று. கண் மருத்துவர் வில்லியம் லிஸ்டருடன் இணைந்து 1916-இல் இவர் வெளியிட்ட கட்டுரையும், 1918-இல் தனியே எழுதிய கட்டுரையும் இவ்வரைபடத்தை நிலைநிறுத்தின.

கீழ்ப்பார்வை இழந்தவர்களே இவரிடம் மிகுதியாக வந்தனர். இதற்கான காரணம் உருக்கமானது. மேற்பார்வைக்கு உரிய இடத்தைத் தாக்கும் குண்டு, பெரும்பாலும் அருகிலுள்ள பெரிய குருதி நாளங்களையும் சிறுமூளையையும் சேர்த்தே தாக்கிவிடும். அத்தகையோர் மருத்துவமனை வரை உயிருடன் வரவில்லை.

இத்துறையில் ஹோம்ஸ் முதல்வர் அல்லர் என்பதையும் குறிப்பிட வேண்டும். ஜப்பானியக் கண் மருத்துவர் டாட்சுஜி இனோயே, 1904–05 உருசிய-ஜப்பானியப் போரில் காயமுற்ற 29 வீரர்களைச் சோதித்து, இதே போன்ற வரைபடம் ஒன்றை 1909-இல் செருமன் மொழியில் வெளியிட்டிருந்தார். ஓய்வூதியத்தை முடிவு செய்வதற்காக வீரர்களின் பார்வை இழப்பை அளக்கும் பணி அவருக்குத் தரப்பட்டிருந்தது. குண்டு நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் கொண்டு அதன் பாதையைக் கணிக்க அவரே ஒரு கருவியும் செய்தார். நெடுங்காலம் ஹோம்ஸுக்குக் கிடைத்த புகழில் ஒரு சிறு பங்கே இனோயேவுக்குக் கிடைத்தது.

கண் தெரிந்தும் இடம் தெரியாமை

1918-இல் ஹோம்ஸ் எழுதிய மற்றொரு கட்டுரை, குழந்தைகளின் பார்வைக் குறைபாட்டை அறிய விரும்புவோருக்கு இன்னும் முதன்மையானது. அதில் ஆறு வீரர்கள் இடம்பெற்றனர். இவர்களுக்கு மூளையின் இருபக்கப் பின்மேற்பகுதியும் காயமுற்றிருந்தது. பொருள்களைக் காட்டினால் பெயர் சொன்னார்கள். ஆனால் கையை நீட்டி எடுக்கச் சொன்னால் பொருளுக்கு அப்பாலோ இப்பாலோ காற்றைத் துழாவினார்கள். இரண்டு பொருள்களில் எது அருகில் உள்ளது என்று சொல்ல முடியவில்லை. நடக்கும்போது கண்ணெதிரே இருந்தவற்றின் மீது மோதிக்கொண்டார்கள். மேசைமேல் பரப்பிய சில நாணயங்களை எண்ணச் சொன்னால் எண்ணியதையே மீண்டும் எண்ணினார்கள், அல்லது பாதியை விட்டார்கள். ஒன்றை உற்றுப் பார்த்தால் பக்கத்தில் இருந்தது அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. ஓசை வந்த திசையையோ தம் உடலில் தொட்ட இடத்தையோ சுட்டுவதில் இத்தகைய தடுமாற்றம் இல்லை. குறை பார்வைக்கும் இடத்துக்கும் உள்ள உறவில் மட்டுமே இருந்தது.

1919-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கில்பர்ட் ஹொராக்ஸுடன் சேர்ந்து, இதே நிலையில் இருந்த ஒரு வீரரைப் பற்றி மேலும் விரிவாக எழுதினார். அவருக்குப் பொருள்களின் கன அளவும் ஆழமும் புலப்படவில்லை. அங்கேரிய மருத்துவர் ரெஜோ பாலின்ட் 1909-இல் இதற்கு இணையான நோயாளி ஒருவரை விவரித்திருந்ததால், இந்நிலை இன்று பாலின்ட்–ஹோம்ஸ் கூட்டறிகுறி என்றும் வழங்கப்படுகிறது.

இச்சோதனைகளுக்கு ஹோம்ஸ் பயன்படுத்திய கருவிகள் மிக எளியவை. மேசைமேல் கிடந்த சிறு பொருள்கள், தம் விரல்கள், மருத்துவமனைக் கூடத்தின் கட்டில்கள் ஆகியவை போதுமாயிருந்தன. எழுத்துப் பலகையை மட்டும் காட்டியிருந்தால், பார்வை நன்று என்று எழுதி அவர்களை அனுப்பியிருக்க நேர்ந்திருக்கும்.

ரிடாக்குடன் கருத்து வேறுபாடு

1917-இல் ஜார்ஜ் ரிடாக் என்னும் இளம் மருத்துவர், பிடரி மடலில் காயமுற்ற வீரர்களைச் சோதித்து ஒரு புதிய செய்தியை வெளியிட்டார். பார்வை முற்றும் மறைந்ததாகக் கருதப்பட்ட பகுதியில், அசையாத பொருளை உணராத சிலர் அசையும் பொருளை உணர்ந்தார்கள் என்பதே அது. அசைவுக்கு மூளையில் தனி வழி இருக்கலாம் என்று இதனால் தோன்றியது.

ஹோம்ஸ் இதை ஏற்கவில்லை. பார்வைப் புறணியில் அசைவு, வடிவம், நிறம் என்று தனித்தனியே பிரிந்த இழப்பு இல்லை என்பது இவரது நிலைப்பாடு. நிறப்பார்வை மட்டும் மூளைக் காயத்தால் போகும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே சுவிட்சர்லாந்தின் லூயி வெர்ரே எழுதியிருந்ததையும் இவரது கருத்து பின்தள்ளியது. ஹோம்ஸின் சொல்லுக்கு இருந்த மதிப்பால் பல பத்தாண்டுகள் இக்கேள்விகள் பெரிதாக ஆராயப்படவில்லை. 1970-களில் செமிர் செக்கி குரங்குகளின் மூளையில் அசைவுக்கும் நிறத்துக்கும் சிறப்பான பகுதிகளைக் காட்டினார். 1983-இல் ஜோசப் சீல் என்பாரும் உடன் ஆய்வாளர்களும், அசைவை மட்டும் காண இயலாத ஒரு பெண்ணைப் பற்றி எழுதினர். ரிடாக் கண்டது சரியென்பது இவற்றால் உறுதியாயிற்று. நிறக் குருட்டைப் பற்றிய பழைய சான்றுகள் எப்படி ஒதுக்கப்பட்டன என்பதைச் செக்கி 1990-இல் ஒரு வரலாற்றுக் கட்டுரையில் விரிவாக எழுதியுள்ளார்.

இது வெறும் அறிஞர் பூசல் அன்று. மூளைசார் பார்வைக் குறைபாடுள்ள குழந்தைகளுள் சிலர், அசையாமல் வைத்த கரண்டியைக் காணமாட்டார்கள். அதையே மெல்ல ஆட்டினால் திரும்பிப் பார்ப்பார்கள். ரிடாக்கின் நிகழ்வை அறியாதவர் இதைப் பிடிவாதம் என்றோ நடிப்பு என்றோ எண்ணக்கூடும்.

பிற்காலம்

1918-இல் ஹோம்ஸ், மருத்துவரும் வளைகோல் பந்தாட்ட வீராங்கனையுமான ரோசலி ஜாப்சனை மணந்தார். இவர்களுக்கு மூன்று பெண்கள். 1922 முதல் 1937 வரை பிரெயின் என்னும் நரம்பியல் இதழின் ஆசிரியராக இருந்தார். 1931-இல் இவர் விவரித்த கண்மணிக் கோளாறு, அதே காலத்தில் அதைப் பற்றி எழுதிய வில்லியம் அடீயின் பெயரும் சேர்ந்து ஹோம்ஸ்–அடீ கூட்டறிகுறி எனப்படுகிறது. 1933-இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1945-இல் வெளியான இவரது ஃபெரியர் சொற்பொழிவு, பார்வைப் புறணியைப் பற்றி வாழ்நாள் முழுதும் சேர்த்த கருத்துகளின் தொகுப்பாகும். 1946-இல் நரம்பியல் நோயாய்வுக்கான அறிமுக நூல் ஒன்றை எழுதினார். 1951-இல் சர் பட்டம் பெற்றார்.

மாணவர்களிடம் மிகக் கண்டிப்பானவர், சினம் மிகுந்தவர் என்று இவர் அறியப்பட்டார். சோதனையை முறைப்படி முழுதாகச் செய்யாதவர்களை இவர் பொறுக்கமாட்டார். இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் செய்யும் நரம்பியல் உடற்சோதனையின் ஒழுங்குமுறைக்கு இவரது பங்கு பெரிது. ஓய்வுக் காலத்தைத் தோட்ட வேலையில் கழித்த இவர் ஃபார்ன்ஹாம் நகரில் தமது 89-ஆம் வயதில் காலமானார்.

1991-இல் ஜோனதன் ஹார்ட்டன், வில்லியம் ஹாய்ட் ஆகியோர் எம்.ஆர்.ஐ. படங்களின் துணையுடன் ஹோம்ஸின் வரைபடத்தைத் திருத்தினர். மையப் பார்வைக்கு மூளை ஒதுக்கியுள்ள இடம் ஹோம்ஸ் கணித்ததைவிட மிகுதி என்று அவர்கள் காட்டினர். வரைபடத்தின் பொது அமைப்பு மாறவில்லை.

குழந்தைகளிடம் மூளைசார் பார்வைக் குறைபாடு

ஹோம்ஸின் வீரர்களுக்குக் குண்டு செய்ததைக் குழந்தைகளுக்கு வேறு காரணங்கள் செய்கின்றன. பிறக்கும்போது மூளைக்கு உயிர்வளி குறைதல், குறைமாதப் பிறப்பு, பிறந்த சில நாள்களில் குருதியில் சர்க்கரை மிகவும் தாழ்தல், மூளைக்காய்ச்சல், மூளையில் நீர் கோத்தல், வலிப்பு ஆகியவை முதன்மையானவை. சர்க்கரை தாழ்வதால் ஏற்படும் சிதைவு பெரும்பாலும் பிடரி மடலையே தாக்குவது குறிப்பிடத்தக்கது. குறைமாதக் குழந்தைகளில் மூளையின் நீரறைகளை ஒட்டிய நரம்பிழைகள் நலிகின்றன. கீழ்ப்பார்வைக்கு உரிய இழைகள் நீரறைக்கு மிக அருகில் செல்வதால், இக்குழந்தைகளும் ஹோம்ஸின் வீரர்களைப் போலக் கீழ்ப்பார்வையையே மிகுதியாக இழக்கின்றனர். காரணம் வேறு, வரைபடம் ஒன்றுதான்.

முன்பு இந்நிலை புறணிக் குருடு எனப்பட்டது. ஆனால் முழுக் குருடான குழந்தைகள் சிலரே என்பதாலும், பலருக்குக் காலப்போக்கில் பார்வை ஓரளவு மேம்படுவதாலும் அப்பெயர் பொருந்தவில்லை. 1980-களில் கனடாவின் வான்கூவர் நகரில் ஜேம்ஸ் ஜான் முதலானோர் புறணிப் பார்வைக் குறைபாடு என்ற பெயரைப் பரவலாக்கினர். சிதைவு புறணியில் மட்டுமன்றி அதற்குச் செல்லும் இழைகளிலும் இருப்பதால், பிற்காலத்தில் மூளைசார் பார்வைக் குறைபாடு என்னும் பெயரும் வழக்கிற்கு வந்தது. 1990-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கண் மருத்துவர் கோர்டன் டட்டன், நல்ல பார்வைக் கூர்மை இருந்தும் அன்றாட வாழ்வில் தடுமாறும் குழந்தைகளை ஆராய்ந்தார். அவர் கண்டவை ஹோம்ஸ் 1918-இல் எழுதியவற்றின் மென்மையான வடிவங்களாக இருந்தன. பெயரிலும் இருவரும் கோர்டன்களே. 2024-இல் அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனத்தின் முயற்சியால் வல்லுநர் குழு ஒன்று இக்குறைபாட்டிற்கு நடைமுறை வரையறை ஒன்றை வெளியிட்டது. கண்ணில் நோய் இருந்தாலும், அந்நோயால் மட்டும் விளக்க முடியாத அளவுக்குப் பார்வை குறைந்திருந்தால் மூளையையும் கருத வேண்டும் என்பது அதன் சாரங்களுள் ஒன்று.

இக்குறைபாட்டை இனங்காண்பது ஏன் கடினம் என்பதற்குப் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்து பார்க்கலாம். வெறும் சிமெண்டுத் தரையில் கிடக்கும் சிவப்புப் பந்தைக் குழந்தை உடனே எடுத்துவிடுகிறது. அதே பந்து புட்டாவும் சரிகைக் கரையும் நிறைந்த சேலையின்மேல் கிடந்தால் அதற்குத் தெரிவதில்லை. வீட்டில் தாயை அடையாளம் காண்கிறது. பங்குனி உத்திரத் திருவிழாவில் ராஜ வீதிக் கூட்டத்தில் இரண்டடி தள்ளி நிற்கும் தாயைக் காணாமல் அழுகிறது. அவள் குரல் கொடுத்ததும் திரும்புகிறது. எதிர்ச்சுவரில் உள்ள நாள்காட்டியைப் படிக்கிறது. ஆனால் காலடியில் உள்ள தறிக்குழியில் தவறி விழுகிறது. தட்டில் ஒரு பக்கத்துச் சோற்றை மட்டும் உண்டுவிட்டு இன்னும் வேண்டுமென்று கேட்கிறது. காலையில் கண்டதை மாலையில் காண்பதில்லை. கண் மருத்துவரிடம் சென்றால் கண்மணி ஒளிக்குச் சுருங்குகிறது, விழித்திரை நன்றாக இருக்கிறது, எழுத்துப் பலகையிலும் கீழ்வரி வரை படித்துவிடுகிறது. கண்ணில் குறையில்லை என்ற விடையுடன் குடும்பம் வீடு திரும்புகிறது. பள்ளியில் கவனக்குறைவு, மந்தம், சேட்டை என்ற பெயர்களில் ஒன்று அக்குழந்தைக்கு ஒட்டிக்கொள்கிறது.

இங்கே ஒவ்வோர் அறிகுறிக்கும் ஓர் இடம் உண்டு. தறிக்குழி கீழ்ப்பார்வை இழப்பைக் காட்டுகிறது. தட்டின் பாதி, பக்கப் பார்வை இழப்பைக் காட்டுகிறது. சேலையும் திருவிழாவும், பலவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் மூளையின் பின்மேற்பகுதி நலிந்திருப்பதைச் சுட்டுகின்றன. முகங்களை அடையாளம் காணாமை மூளையின் கீழ்ப்பகுதி வழி சார்ந்தது. எனவே நோயறிதல் பெற்றோரிடம் கேட்பதில் தொடங்குகிறது. படியில் இறங்கும்போது தயங்குகிறதா, பொம்மைக் குவியலில் வேண்டியதை எடுக்கிறதா, களைப்பிலும் இரைச்சலிலும் பார்வை மேலும் குறைகிறதா என்பன போன்ற கேள்விகள் ஒழுங்காகத் தொகுக்கப்பட்டுள்ளன.

அடுத்துக் கண்ணாடி தேவையா என்று பார்க்கப்படுகிறது. இக்குழந்தைகளில் பலருக்குக் கிட்டத்தில் உள்ளவற்றைத் தெளிவாக்கும் கண்ணின் ஆற்றலும் குறைந்திருக்கும். தகுந்த கண்ணாடி மட்டுமே பெரிய மாற்றத்தைத் தருவதுண்டு. பேசாத குழந்தைக்குக் கோடிட்ட அட்டையையும் வெற்று அட்டையையும் காட்டி, எப்பக்கம் பார்வை செல்கிறது என்று கவனித்துக் கூர்மையை அளக்கலாம். ஒருவர் குழந்தையின் கவனத்தை முன்னால் ஈர்க்க, மற்றொருவர் பின்னாலிருந்து ஒரு பொம்மையை மெல்லக் கொண்டுவந்து பார்வைப் புலத்தைச் சோதிக்கலாம். எம்.ஆர்.ஐ. படம் காரணத்தை அறிய உதவுகிறது. ஆயினும் படம் இயல்பாக இருப்பதால் மட்டும் குறைபாடு இல்லை என்று முடிவு செய்ய இயலாது.

சிதைந்த பகுதியைச் சீராக்கும் மருந்து இல்லை. ஆனால் வளரும் மூளைக்குத் தகவமையும் திறன் உண்டு. வெற்று விரிப்பின்மேல் ஒரு நேரத்தில் ஒரு பொம்மை, பார்க்கக் கூடுதல் நேரம், குறைந்த இரைச்சல், புத்தகத்தில் மற்ற வரிகளை மறைக்கும் ஓர் அட்டை, படிகளின் விளிம்பில் பளிச்சென்ற வண்ணம் போன்ற எளிய ஏற்பாடுகளே குழந்தையின் நாளை மாற்றிவிடக்கூடும். இவற்றுக்கு முன்நிபந்தனை, எப்பகுதி காண்கிறது, எப்பகுதி காணவில்லை என்று ஒருவர் சோதித்து எழுதித் தருவதே.

தமிழ்நாட்டுத் தொடர்பு

ஹோம்ஸின் மரபு தமிழ்நாட்டிற்கு ஒரு சுற்று வழியில் வந்தது. பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட், இளமையில் குயின் ஸ்கொயரில் ஹோம்ஸிடம் நரம்பியல் பயின்றவர். அவர் கனடாவில் நிறுவிய மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில் பயிற்சி பெற்றவர் கேரளத்தைச் சேர்ந்த ஜேக்கப் சாண்டி. காஞ்சிபுரத்திற்கு மேற்கே உள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியவர் இவரே. அடுத்த ஆண்டு சென்னையில் பா. ராமமூர்த்தி அத்துறையைத் தொடங்கினார்.

2013-இல் இந்திய அரசு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகள் பார்வைக் குறைபாடு உள்ளிட்டவற்றுக்காகச் சோதிக்கப்பட்டு, மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். ஒரே இடத்தில் குழந்தை மருத்துவரும் பயிற்சியாளர்களும் இருப்பதால், மூளைசார் பார்வைக் குறைபாட்டை இனங்காண இம்மையங்கள் பொருத்தமானவை. மறுபுறம், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வைக் குறைபாட்டைக் கூர்மையின் அளவாலும் பார்வைப் புலத்தின் கோண அளவாலும் மட்டுமே வரையறுக்கிறது. எழுத்துப் பலகையைக் கீழ்வரி வரை படித்து, பார்வைப் புலமும் சட்டத்தின் அளவுக்குக் குறுகாத ஒரு குழந்தை, கூட்டத்தில் தாயைக் காண முடியாவிட்டாலும் அவ்வரையறைக்குள் வருவதில்லை.